மகிமையா, புகழா, மாட்சியா? ‘குளோரி’ தமிழில் படும் பாடு

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளியின் பவள விழா மலருக்கு ஆங்கிலத்தில் ‘75 குளோரியஸ் இயர்ஸ்’ என்று தலைப்பு வைத்துவிட்டார்கள். அதைத் தமிழில் போட வேண்டும். அகராதியைப் பிரித்தால் குளோரிக்கு மகிமை, புகழ், மாட்சி, பெருமை, கீர்த்தி என்று வரிசையாக நிற்கின்றன. எல்லாம் ஒன்றுதானா? இல்லையென்றால் எதை எங்கே போடுவது?

எல்லாம் ஒன்றில்லை. மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமுமாகப் பல வருடம் ஓட்டியிருக்கிறேன். இந்த அளவுக்கு நின்று யோசிக்க வைத்த சொற்கள் குறைவு. இதற்கு எனக்கு விளக்கம் கிடைத்த இடம் ஓர் அச்சகம்.

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்ந்து மறைந்த ஒரு பாட்டிக்கு நினைவு அட்டை அடிக்க அவருடைய குடும்பத்தார் வந்திருந்தார்கள். வெளிநாட்டில் வளர்ந்த பேரன் ஆங்கிலத்தில் ‘கால்டு டு குளோரி’ என்று எழுதி, அதை ஃபோனிலேயே தமிழாக்கிக் கொண்டுவந்திருந்தான்: ‘புகழுக்கு அழைக்கப்பட்டார்’. பாட்டியின் மூத்த மகள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தடவை வாசித்தார். “எங்கம்மாவுக்கு என்னப்பா புகழு? ஊரைத் தாண்டினா அவளை யாருக்குத் தெரியும்? மகிமைக்குள் பிரவேசித்தார்னு போடு” என்றார்.

முழு விளக்கமும் அந்தப் பேச்சில் இருக்கிறது. புகழுக்கு நாலு பேர் வேண்டும். அவர்கள் வாயைத் திறந்து பேச வேண்டும். மகிமைக்கு யாரும் வேண்டாம், பார்க்க ஆளில்லாவிட்டாலும் அது இருக்கும். நாம் ‘தல மகிமை’, ‘துளசியின் மகிமை’ என்று சொல்லும்போது அந்தப் பொருளுக்குள் குடியிருக்கும் சக்தியைத்தான் சொல்கிறோம். ‘எல்லாம் பணத்தின் மகிமை’ என்று அலுத்துக்கொள்ளும்போதும் அதே பொருள்தான். ‘துளசியின் புகழ்’ என்று மாற்றிப் பாருங்கள், பேச்சு வேறு எங்கோ போய்விடும்.

ஆங்கிலத்தின் குளோரி இந்த இரண்டையும் ஒரே சொல்லுக்குள் போட்டு வைத்திருக்கிறது. அது அப்படி ஆனதற்கு ஒரு கதை உண்டு, அது எபிரேயத்தில் தொடங்குகிறது.

எபிரேய வேதத்தில் இந்த இடத்தில் வரும் சொல் கபோத். அதன் வேர் எடையைக் குறிப்பது. அதே வேரிலிருந்துதான் ‘பாரமான’ என்ற சொல்லும், கல்லீரலுக்கான சொல்லும் வருகின்றன. உடம்புக்குள் இருக்கும் உறுப்புகளில் கனமானது கல்லீரல் அல்லவா? யாக்கோபு ஆடுமாடு சேர்த்துப் பணக்காரனானதைப் பார்த்து அவனுடைய மாமன் லாபானின் பிள்ளைகள் புகைகிறார்களே, அங்கே யாக்கோபின் சொத்துக்கும் கபோத் என்றுதான் சொல்லியிருக்கிறது. நாம் ‘மடியில் கனம்’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான்.

இந்த வேரை வைத்துப் பழைய எழுத்தாளர் ஒருவர் செய்திருக்கும் வேலையை ஒன்று சாமுவேல் நாலாம் அதிகாரத்தில் பார்க்கலாம். பெலிஸ்தரோடு போர். இஸ்ரவேலர் தோற்று, கடவுளின் உடன்படிக்கைப் பெட்டியையும் பறிகொடுக்கிறார்கள். குரு ஏலிக்கு வயது 98, கண் தெரியாது, வாசலோரம் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு மகன்களும் செத்தார்கள் என்ற செய்தியைக்கூடத் தாங்கிக்கொண்டவர், பெட்டி பிடிபட்டது என்றதும் மல்லாந்து விழுந்து கழுத்து முறிந்து இறக்கிறார். ஏன் கழுத்து முறிந்தது? கிழவர், அதோடு உடல் கனத்தவர் என்று காரணம் சொல்கிறது கதை. அந்தக் ‘கனத்தவர்’ கபோத்தின் வேர்ச்சொல். நாலு வரி தள்ளி, நிறைமாதக் கர்ப்பிணியான அவருடைய மருமகளுக்கு அதிர்ச்சியில் பிரசவ வலி எடுக்கிறது. ஆண் பிள்ளை பிறக்கிறான், தாய் பிழைக்கவில்லை. சாகும் நேரத்தில் பிள்ளைக்கு இக்கபோத் என்று பெயர் வைக்கிறாள். ‘மகிமை இஸ்ரவேலை விட்டுப் போயிற்று’ என்பது தமிழ் வேதாகமத்தில் அவள் சொல்லும் வாக்கியம். ஒரு வீட்டில் எடையால் ஒரு மனிதர் விழுகிறார், அடுத்த நிமிடம் ஒரு நாட்டின் எடையே போய்விட்டது என்று ஒரு பெண் சொல்கிறாள். எபிரேயத்தில் வாசிப்பவருக்கு இந்த இரண்டும் ஒரே ஓசையாகக் காதில் விழும். மொழிபெயர்ப்பில் இது தங்குவதில்லை, ஆங்கிலத்திலும் சரி, தமிழிலும் சரி.

ஆனால் தமிழில் தங்கியிருக்க வாய்ப்பு இருந்தது. ஏனென்றால் நம்மிடம் ‘கனம்’ இருக்கிறது. எடை, மரியாதை இரண்டையும் ஒரே சொல்லில் சொல்வதில் கனம் அப்படியே கபோத்தின் உடன்பிறப்பு மாதிரி. பழைய மேடைப் பேச்சிலும் சட்டமன்றப் பேச்சிலும் ‘கனம் அமைச்சர் அவர்களே’ என்பார்கள். கனவான், கனதனவான் எல்லாம் இந்தக் குடும்பம்தான். பத்துக் கட்டளைகளில் பெற்றோரைப் பற்றி வரும் கட்டளை நினைவிருக்கிறதா? ‘உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக.’ எபிரேயத்தில் அங்கே இருப்பது கபோத்தின் வினைவடிவம். தகப்பனை எடையுள்ளவராக நடத்து, லேசாக எண்ணாதே என்பதுதான் சொல்லுக்குச் சொல் பொருள். தமிழாக்கியவர் அந்த வேரைத் தெரிந்து தொட்டாரா, தற்செயலா, எப்படியானாலும் சொல் சரியாகப் போய் உட்கார்ந்திருக்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது இரண்டாம் கொரிந்தியர் நாலாம் அதிகாரத்தில் இருக்கிறது: ‘இலேசான நம்முடைய உபத்திரவம் மிகவும் அதிகமான நித்திய கனமகிமையை உண்டாக்குகிறது.’ அதை எழுதிய பவுல் கிரேக்கத்தில் எழுதினாலும் எபிரேயம் தெரிந்தவர். மகிமையின் பாரம் என்ற பொருளில் இரண்டு சொல்லைச் சேர்த்து எழுதியிருக்கிறார். தமிழில் அதைக் ‘கனமகிமை’ என்று ஒட்டிவிட்டார்கள். முன்னால் ‘இலேசான’, பின்னால் ‘கன’. தராசின் இரண்டு தட்டும் கண்ணுக்குத் தெரிகின்றன. தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் நான் மனப்பாடமாக வைத்திருக்கும் சொல் இது ஒன்றுதான்.

கனம் வந்ததால் கௌரவத்தையும் சொல்லிவிடுகிறேன். கௌரவம் வடமொழியில் ‘குரு’விலிருந்து வருவது, குரு என்றால் பாரமானது. இலங்கையில் இன்றும் ‘கௌரவ அமைச்சர்’ என்கிறார்கள், தமிழ்நாட்டில் ‘கனம்’ போய் ‘மாண்புமிகு’ வந்துவிட்டது. எட்டு சித்திகளில்கூட மகிமா என்பது உருவம் பெரிதாவது, கரிமா என்பதுதான் எடை கூடுவது. அந்தக் கணக்குப்படி கபோத்துக்குச் சரியான ஜோடி கரிமா. இந்தியில் கரிமா என்ற சொல் கண்ணியம், மேன்மை என்ற பொருளில் நன்றாகவே புழங்குகிறது. தமிழில் அது சித்தர் பாட்டைத் தாண்டி வெளியே வரவில்லை. அப்புறம், எடை ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் மண்டைக்கு ஏறினால் அதற்கும் தமிழில் பெயர் இருக்கிறது: தலைக்கனம். ஆங்கிலத்தில் ‘வெயின்குளோரி’ என்பார்கள். வேதாகமத்தில் அது ‘வீண்பெருமை’.

இஸ்ரேலில் இன்று ஒரு பிள்ளை நன்றாகப் படம் வரைந்தால், பக்கத்து வீட்டுக்காரர் தேர்வில் பாஸானால், ‘கோல் ஹகவோத்’ என்பார்கள். ‘முழு கபோத்தும் உனக்கே’ என்று பொருள், நாம் ‘சபாஷ்’ சொல்கிற இடத்தில் சொல்வது. அவ்வளவு பெரிய சொல் தெருவில் இவ்வளவு எளிதாக நடமாடுவது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

சரி, புகழ் எப்படி உள்ளே வந்தது? கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் யூத வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்க்கத் தொடங்கினார்கள். கபோத்துக்கு அவர்கள் எடுத்த சொல் டாக்ஸா. கிரேக்கத்தில் அதற்கு அதுவரை இருந்த பொருள் ‘கருத்து, அபிப்பிராயம்’. அதிலிருந்து ஒருவரைப் பற்றி ஊர் வைத்திருக்கும் நல்லெண்ணம் என்ற பொருளும் உண்டு. எடையைக் குறித்த சொல்லுக்குப் பதிலாக எண்ணத்தைக் குறித்த சொல் வந்து உட்கார்ந்தது. லத்தீனுக்குப் போனபோது அது குளோரியா ஆனது. ரோமப் பேச்சாளர் சிசரோ இளம் வயதில் எழுதிய நூலில் குளோரியாவை வரையறுக்கும்போது, ஒருவரைப் பற்றிப் பாராட்டோடு பலரும் அடிக்கடி பேசுவது என்கிறார். அச்சு அசலாக நம்முடைய புகழ். ஆங்கிலம் குளோரியை லத்தீனிலிருந்து வாங்கியபோது இந்தப் பேச்சும் அந்த எடையும் சேர்ந்தே வந்தன.

யோவான் 12-இல் இந்தச் சிக்கல் வெளிப்படையாகத் தெரியும். ‘தேவனால் வருகிற மகிமையிலும் மனுஷரால் வருகிற மகிமையை அதிகமாய் விரும்பினார்கள்.’ கிரேக்கத்தில் இரண்டும் டாக்ஸா, தமிழும் இரண்டையும் மகிமை என்றே வைத்தது. 1611-ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு இரண்டு இடத்திலும் ‘பிரெய்ஸ்’ என்று போட்டது, பாராட்டு என்ற பொருளில். நான் பெயர்த்திருந்தால் மனிதரிடமிருந்து வருவதற்குப் புகழ் என்றே போட்டிருப்பேன் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. ஒரே சொல் இரண்டு இடத்திலும் இருந்தால்தான் எதற்கு எதை விற்றார்கள் என்பது உறைக்கிறது.

தமிழில் புகழைப் பற்றிச் சொல்லாமல் தாண்டினால் மனது கேட்காது. புகழுக்கு நம் பழைய சொல் ‘இசை’. ‘ஈதல் இசைபட வாழ்தல்’ என்னும் குறளில் வரும் இசை, பாட்டு இல்லை. கொடுத்து, அதனால் பேர் ஒலிக்க வாழ்வது. காதில் விழுவது என்ற அடிப்படையில் ஓசைக்கும் பேருக்கும் ஒரே சொல். ஹோமரின் காவியத்தில் அக்கிலீஸ் வீட்டுக்குத் திரும்பி நீண்ட நாள் வாழ்வதா, திராயில் செத்து அழியாப் பேர் எடுப்பதா என்று நிற்கும்போது வரும் சொல் கிளெயோஸ். அதுவும் ‘கேட்பது’ என்ற வேரிலிருந்து வந்தது. ரிக்வேதத்திலும் அதே வேரில், அதே ‘அழியாத’ என்ற அடையோடு ஒரு தொடர் இருப்பதை 1853-இல் ஜெர்மானியர் அடால்பர்ட் கூன் எடுத்துக் காட்டினார். அவை இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள், ஒத்துப்போவதில் வியப்பில்லை. தமிழ் வேறு குடும்பம். அப்படியிருந்தும் பேரும் ஓசையும் ஒன்று என்று தானாகவே கண்டிருக்கிறது.

அந்தக் ‘கேட்பது’ வேரின் இன்னொரு கிளைதான் ஸ்லாவிய மொழிகளில் உள்ள ‘ஸ்லாவா’. ‘ஸ்லாவா உக்ராயினி’ என்ற முழக்கத்தைச் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். 2018-இல் உக்ரைன் ராணுவத்தின் அதிகாரபூர்வ வணக்கமாகவும் அது ஆனது. ஆங்கிலத்தில் ‘குளோரி டு உக்ரைன்’ என்று வருவதைப் பார்த்து ‘உக்ரைனுக்கு மகிமை’ என்று எழுதுகிறார்கள். படித்தால் ஜெபக்கூட்டம்போல இருக்கிறது. தமிழில் ஒரு கூட்டம் கையை உயர்த்தி நாட்டின் பேரைச் சொல்லி முழங்கினால் என்ன சொல்லும்? ‘வாழ்க!’ என்று சொல்லும். ‘உக்ரைன் வாழ்க’, அவ்வளவுதான். குளோரி என்று பார்த்தவுடன் பெயர்ச்சொல் தேடக்கூடாது. சில இடத்தில் தமிழ் அதை வினைமுற்றாகச் சொல்லி முடித்துவிடும்.

இனி மூன்றாவது சங்கதி, ஒளி. இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. விமானத்தில் ஜன்னலோரம், சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக உட்கார்ந்து, கீழே மேகம் இருந்தால் எட்டிப் பாருங்கள். மேகத்தின் மேல் விமானத்தின் நிழல் ஓடும், அதைச் சுற்றி வட்ட வட்டமாக வண்ண வளையங்கள், சிவப்பு வெளியே, நீலம் உள்ளே. நுண்ணிய நீர்த்துளிகள் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் உண்டாவது. ஆங்கிலத்தில் அதற்கு அறிவியல் பெயரே குளோரிதான். மலையுச்சியில் நின்றால் நம் சொந்த நிழலின் தலையைச் சுற்றியும் தெரியும். பக்கத்தில் நிற்பவருக்கு அவருடைய நிழலைச் சுற்றித்தான் தெரியும், உங்களுடையது அவருக்குத் தெரியாது. 1894-இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையில் இதைப் பார்த்து மயங்கிய சி. டி. ஆர். வில்சன் என்ற இளைஞர், ஆய்வுக்கூடத்தில் மேகம் உண்டாக்கிப் பார்க்கத் தொடங்கினார். அந்த முயற்சி அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் மேக அறையில் போய் முடிந்தது. 1927-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

ஓவியத்தில் தெய்வ உருவத்தைச் சுற்றி வரையும் ஒளிவட்டத்துக்கும் ஆங்கிலத்தில் குளோரி என்ற பெயர் உண்டு. அதை ‘மகிமை’ என்று பெயர்த்த ஒரு கட்டுரை மெய்ப்புக்காக என் கைக்கு வந்தது. அடித்துவிட்டு ‘திருவாசி’ என்று எழுதினேன். நடராசரைச் சுற்றித் தீ நாக்குகளோடு நிற்கும் அந்த வளைவுதானே இது? பிரபை என்றும் சொல்வார்கள். நம் கைவினைஞர்கள் தினம் சொல்லும் சொல் இருக்கும்போது அகராதியை ஏன் கெஞ்ச வேண்டும்? வள்ளுவரும் ‘ஒளிஒருவற்கு உள்ள வெறுக்கை’ என்கிறார், அங்கே ஒளி என்றால் வெளிச்சமில்லை, மேன்மை. ஆக, எடை, பேச்சு, ஒளி மூன்றும் தமிழில் தனித்தனிச் சொல்லாகவே இருக்கின்றன.

‘மாட்சி’ இந்த ஒளிப் பக்கம் சாய்ந்தது, பார்த்தால் தெரியும் சிறப்பு. 1995-இல் வந்த புதிய வேதாகம மொழிபெயர்ப்பான திருவிவிலியம் மகிமையை விட்டுவிட்டு மாட்சியை எடுத்தது. கத்தோலிக்கத் திருப்பலியில் ‘உன்னதங்களிலே இறைவனுக்கு மாட்சிமை உண்டாகுக’ என்று பாடுவதும், பழைய வேதாகமத்தில் கிறிஸ்துமஸ் இரவில் தூதர்கள் ‘உன்னதத்திலிருக்கிற தேவனுக்கு மகிமையும்’ என்பதும் ஒரே வசனம்தான். தனித்தமிழ் ஓசைக்கு மாட்சி அழகு. ஆனால் மாட்சியில் எடை குறைவு என்பது என் எண்ணம். அரண்மனைக்கும் மாட்சி உண்டு, துளசிக்கு மகிமைதான் உண்டு. பாட்டியின் நினைவு அட்டையில் மாட்சி நின்றிருக்காது.

செடி கொடிகளில் மட்டும் சொல்லை அப்படியே பெயர்க்கவே வேண்டாம். ‘குளோரி லில்லி’ நம் செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர். 1753-இல் தாவரவியலர் லின்னேயஸ் அதற்கு குளோரியோசா சூப்பர்பா என்று பெயர் வைத்தார். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிரிடும் விவசாயிக்கு அது கண்வலிக்கிழங்கு, ஈழத்தில் அது கார்த்திகைப்பூ. ‘பீச் மார்னிங் குளோரி’ கடற்கரை மணலில் ஓடும் அடப்பங்கொடி. ‘காலை மகிமை’ என்று ஒரு பாடப்புத்தகத்தில் பார்த்தபோது வருத்தமாகவே இருந்தது.

மகிமை ஒருமுறை கணக்குப் புத்தகத்துக்குள்ளேயும் போயிருக்கிறது. விருதுநகர், சிவகாசிப் பக்கத்து நாடார் வணிகர்கள் விற்கும் சரக்கில் இவ்வளவு என்று ஊர்ப்பொதுவுக்கு எடுத்து வைக்கும் தொகைக்கு ‘மகமை’ என்று பெயர். மகிமை என்பதன் திரிபு அது. கோயில், கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பணத்தில் எழுந்தன. காமராசர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலாவுக்கும் அந்த மகமைப் பணம்தான் பின்னால் நின்றது.

இப்போது உங்கள் மலர். ‘மகிமையான 75 ஆண்டுகள்’ வேண்டாம், அது சபை ஆண்டு விழாவுக்குப் பொருந்தும். ‘புகழ்மிகு’ என்பதை ஒரு பள்ளி தன்னைப் பற்றித் தானே போட்டுக்கொள்வது சரியில்லை. அது பழைய மாணவர்கள் சொல்ல வேண்டிய சொல், அவர்கள் எழுதும் கட்டுரைக்குள் வந்தால் அழகாக இருக்கும். ‘மாட்சிமிகு’ அரசவை வாடை அடிக்கும். ‘பெருமைமிகு 75 ஆண்டுகள்’ தவறில்லை, எல்லா மலரிலும் இருப்பது. நானாக இருந்தால் ‘சீர்மிகு 75 ஆண்டுகள்’ என்பேன். சீருக்கு ஒழுங்கு, சிறப்பு, புகழ் மூன்றும் உண்டு, கேட்க எடையும் உண்டு, சொல்வதற்கு இரண்டே எழுத்து. அட்டையில் எழுத்து பெரிதாக வரும்படி ‘சீர்மிகு’வை மேல் வரியிலும், ‘75 ஆண்டுகள்’ என்பதைக் கீழ் வரியிலும் போடச் சொல்லுங்கள்.